சூட்கேஸுக்கு அடியில் ஒரு பலகை

புதன்கிழமை சாயங்காலம் அண்ணியின் போன் வந்தபோது அவள் ஹால் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்று பார்த்தால் தரை நன்றாகத்தான் இருந்தது. படுத்து, பால்கனி வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால்தான் குட்டு வெளிப்பட்டது. பாலின் மேல் ஆடை படிந்தது போல ஹால் முழுக்க ஒரு மங்கல். அதில் காலடித் தடங்கள்: மாமியாரின் சின்னப் பாதம், கணவனின் அகலப் பாதம், சமையலறைக்கும் மேஜைக்கும் நடுவே போய்ப் போய் வந்த அவளுடைய பாதம். யார் எங்கே நின்று யோசித்தார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தங்கள கூட்டிட்டு வரேன்" என்றாள் அண்ணி. "பல் டாக்டர். மேல கிளினிக், கீழ வீடு. ரெண்டுக்கும் தரை போடணுமாம். புதுசா போட்டது வேணாம், ஜனங்க புழங்கின தரையா காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு உன் வீடுதான் ஞாபகம் வந்துச்சு."

"நம்ம வீடா அண்ணி?"

"ஏன், தரை இருக்குல்ல?"

"இருக்கு அண்ணி."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

அண்ணி அவள் கணவனின் அக்கா. லேமினேட் தரை போடுவது தொழில். வீட்டில் அவளுக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். பதினோரு வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் தனியாக வந்தாள். வந்ததிலிருந்து அமைந்ததெல்லாம் ஒற்றை அறைகள், யாரோ பாதியில் விட்டுப்போன மாடிகள். இந்தப் பல் டாக்டர் வேலை கிடைத்தால் அதுதான் முதல் பெரிய வேலை. கிடைக்காவிட்டால் மறுபடி அந்தக் காண்டிராக்டரிடமே போய் நிற்க வேண்டும் என்று அண்ணி வாயால் சொன்னதில்லை. மாமியார்தான் சொல்லியிருந்தார்.

இந்த வீட்டுத் தரையும் அண்ணி போட்டதுதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால், நாலு நாள், முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பலகையாகத் தட்டித் தட்டிச் செருகினாள். போகும்போது அதிகம் பேசவில்லை. தண்ணீரை ஊற்றாதே, பிழிந்த துணியைப் பிடித்தால் கை நனையக் கூடாது, சோப்பு, எண்ணெய், பாலிஷ் எதையும் கிட்டே கொண்டுவராதே. அவ்வளவுதான். மிச்சமிருந்த பலகைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அண்ணி யாரையும் திட்ட மாட்டாள். பார்ப்பாள். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், அழலாம், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கலாம். ஒரு பார்வைக்கு என்ன பதில் சொல்வது? கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில் அந்தப் பார்வை தன் மேல் விழாமல் தப்பித்துக்கொண்டே வந்தாள். இப்போது அது டாக்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

மங்கல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பால்கனிக் கதவோரம் ஒரு சூட்கேஸ் நின்றது. அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் இரவல் வாங்கிவந்த பழைய புத்தகங்கள் அதில் இருந்தன. "திருப்பிக் குடுக்கணும்" என்று வீட்டில் சொல்லி இரண்டு மாதமாகிறது. திருப்பிக் கொடுக்கவில்லை. காரணம் புத்தகங்களில் இல்லை, சூட்கேஸுக்கு அடியில் இருந்தது.

லேமினேட் என்பது மரமில்லை. அழுத்திச் செய்த அட்டையின் மேல் மரத்தின் படம். ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். இந்த ஹாலில் ஒரு கண்ணைப் போன்ற முடிச்சு ஏழு பலகைகளில் இருந்தது. இரண்டு கண்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி அண்ணி அவற்றைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாள். அண்ணி தரை போட்டு முடித்த முதல் வாரமே அவள் ஏழையும் எண்ணிவிட்டாள். நல்ல மருமகள், நல்ல மனைவி என்று வெளியே தெரிகிற தானும் இப்படி மேலே ஒட்டிய படம்தானோ, அடியில் இருப்பது தண்ணீர் பட்டால் ஊறிவிடும் அட்டைதானோ என்று பலகைகளைத் துடைக்கும்போது அவளுக்குத் தோன்றியதுண்டு. அந்த ஏழாவது கண்ணின் மேல்தான் ஒருநாள் காலையில் ஈரத் துணியை மடித்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். சாயங்காலம் வந்து துணியை எடுத்தால் பலகையின் விளிம்பு உதட்டைப் போலப் பிதுங்கியிருந்தது. அமுக்கினால் அடங்கிவிடும் என்று நினைத்து, புத்தகம் நிறைந்த சூட்கேஸை இழுத்து அதன் மேல் நிறுத்தினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். யாரும் பார்க்காத மத்தியானத்தில் தரையை ஒரு வழி பண்ணிவிடுவது என்று திட்டம். கதவைத் திறந்தால் ஹால் நடுவே மாமியார் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் கிண்ணம். வலது கையில் பஞ்சு.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"ஏன், அரை நாள் லீவா?" மாமியார் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். எதிர்முனைக் கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லிப் பழகியவர்.

"முதல்ல நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"தரை தாகமா இருக்கு. எப்படி வெளுத்துக் கிடக்கு பாரு. வாரம் ஒரு தடவை கொஞ்சம் எண்ணெய் காட்டினா..."

"வாரம் ஒரு தடவையா?"

"சரி, ரெண்டு."

"அண்ணி எண்ணெயே கூடாதுன்னாங்களே. இது மரமே இல்ல அத்தை. மரத்தோட போட்டோ."

"போட்டோவா இருந்தா என்ன? முகம் வாடியிருந்தா பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, நான் இல்லை. அந்த நிம்மதியோடு செருப்பைக் கழற்றி, பையை மாட்டி, கை கழுவக் குளியலறைக்குள் போனாள். அலமாரியில் ஷாம்பு பாட்டில் இருந்தது. தினமும் காலையில் துணி நனைக்கும் வாளியில் அதிலிருந்து ஒரு மூடி ஊற்றுவாள். வாசனைக்காக. ஒன்பது மாதமாக. சோப்பு கூடாது என்றுதானே அண்ணி சொன்னாள், ஷாம்புவைச் சொல்லவில்லையே என்று எப்போதோ தனக்குள் ஒரு வக்கீலை வைத்து வாதாடி ஜெயித்திருந்தாள். இப்போது குழாயடியில் நின்றபோது அந்த வக்கீலைக் காணவில்லை.

சாயங்காலம் கணவன் வந்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. விஷயத்தைக் கேட்டதும் மண்டியிட்டு, கட்டை விரலால் தரையை ஒரு தேய் தேய்த்து, விரலை விளக்கில் காட்டி, மோந்தும் பார்த்தான்.

"எண்ணெய் ஒரு லேயர், ஷாம்பு ஒரு லேயர்ங்கறீங்க. ஆனா மூணு இருக்கு."

"மூணு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"மூணாவது என்னோடது."

செவ்வாய்க்கிழமை அவன் கடைக்கு விடுமுறை. அம்மா மத்தியானம் தூங்கும் நேரத்தில் நாற்காலி மேஜைக்கு அடிக்கிற பாலிஷ் ஸ்ப்ரேயைத் தரைக்கும் அடித்துத் தேய்த்திருக்கிறான். எத்தனை செவ்வாய்க்கிழமை என்று அவள் கேட்கவில்லை.

"நாள் முழுக்க மத்தவங்க மங்கலைத் தேய்க்கிறேன். நம்ம வீட்டுல மங்கலா இருந்தா கை சும்மா இருக்குமா?" என்றான்.

"தூங்கறேன்னு யார்டா சொன்னா?" என்றார் மாமியார். "கண்ணை மூடிக்கிட்டு லைன்லதான் இருந்தேன். ஸ்ஸ் ஸ்ஸ்னு சத்தம் வந்துச்சு. கொசுவுக்கு அடிக்கிறியாக்கும்னு விட்டுட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் ஏதோ சுருக்கென்றது. நான் தினமும் துடைப்பது போதவில்லை என்றுதானே இவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக ஆரம்பித்தார்கள்? அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. அண்ணி சொன்ன வெறும் தண்ணீரும் துணியும் போதாது என்று நினைத்து முதலில் ஒரு மூடி ஊற்றியது யார்? முதல் சுருக்கை இரண்டாவது சுருக்கு எடுத்துவிட்டது.

"இப்ப இதை எப்படி எடுக்கறது?"

"மேஸ்திரியத்தான் கேக்கணும்" என்றான் கணவன். "நம்ம வீடுன்னு சொல்லாம கேக்கறேன்." போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அக்கா, கடையில என்கூட வேலை பாக்கறவன் ஒருத்தன். அவன் வீட்டுத் தரை மங்கிப் போச்சாம்."

"லேமினேட்டா?"

"ஆமா. நம்ம வீட்டுது மாதிரியே."

"அவன் வீட்டுல எத்தன பேரு?"

"மூணு பேரு."



"மூணு பேரும் துடைக்கிறாங்களா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கையால் வயரைப் பிடுங்கிவிடுவது போல சைகை காட்டினார்.

"அப்படித்தான் சொல்றான்."

"சரி, அவன்கிட்ட சொல்லு. வெதுவெதுன்னு அரை வாளி தண்ணி, ரெண்டு மூடி வினிகர். துணியை ஒட்டப் பிழிஞ்சு ரெண்டு ரெண்டு பலகையா துடைக்கணும். பின்னாலேயே ஒரு ஆள் காஞ்ச துணியால ஒத்திக்கிட்டே வரணும். தண்ணி கலங்கினா கொட்டிட்டு வேற. அவசரப்பட்டு மொத்தத்தையும் நனைச்சா இருக்கிறதும் போயிடும். அப்புறம்..."

"சொல்லுக்கா."

"அவன் அம்மாவ எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ள வைக்கச் சொல்லு."

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. அவள் முன்னால் துடைத்துக்கொண்டு நகர, கணவன் பின்னால் காய்ந்த துணியோடு தவழ்ந்தான். மாமியார் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கீறல் விழாமலிருக்க அவற்றின் கால்களுக்குக் கம்பளி வில்லை ஒட்டினார். அதோடு போக்குவரத்தையும் கவனித்துக்கொண்டார்.

"டேய், இடது பக்கம் ஈரம் விட்டுட்ட. அங்க இல்ல, உன் முட்டிக்கு அடியில."

"என் முட்டியே ஈரமா இருக்கும்மா."

"முட்டியையும் ஒத்தி எடு."

முதல் வாளித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்தது. இரண்டாவதில் எண்ணெய் மிதந்தது. ஆறு வாளி கொட்டிய பிறகு ஏழாவது ஏறக்குறைய தெளிந்து நின்றது. நடுப் பகல் வெளிச்சத்தில் பலகைகளின் ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கழுத்தில் வியர்வை வழிய அவள் திரும்பிப் பார்த்தாள். ஆறு கண்களும் தூக்கம் தெளிந்து விழித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவளுக்கு வாய் சும்மாவே இருக்கவில்லை. ஏதோ பாட்டை முனகிக்கொண்டேயிருந்தது.

பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் கணவன் சூட்கேஸின் பிடியில் கை வைத்தான். முனகல் நின்றது.

"அது கனம். விடுங்க. சுத்தித் துடைச்சுட்டேன்."

"விடுடா" என்றார் மாமியார், கையிலிருந்த வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமல். "புத்தகப் பெட்டி. இடுப்பு பிடிச்சுக்கும்."

இதையும் அவள் தன் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணி டாக்டரோடு வந்தாள். டாக்டர் குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. வணக்கம் சொன்ன கையோடு தரையில் முழங்காலிட்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். நான்கு நாளுக்கு முன்னால் அவள் படுத்திருந்த அதே இடம். டாக்டர் பையிலிருந்து நீளக் கைப்பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார். வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அது. அதை சோபாவுக்கு அடியில் நீட்டி, போனின் வெளிச்சத்தைக் காட்டி மூலைகளைப் பார்த்தார்.

மாமியார் அந்த நேரம் பார்த்து டீக் கோப்பையோடு எழுந்துபோய் சூட்கேஸின் மேல் உட்கார்ந்தார். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் எங்கேயும் உட்காராதவர்.

டாக்டர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் எனக்கு யோசனையா இருக்கு."

"என்னங்க யோசனை?" என்றாள் அண்ணி.

"ஒன்பது மாசம் மூணு பேரு புழங்கியிருக்காங்க. ஒரு இடம்கூடவா கெடல? கெட்டா எப்படிக் கெடும், கெட்டா என்ன பண்ணலாம், அதை நான் பாக்கணும். கிளினிக்ல தண்ணி சிந்தாம இருக்குமா? என்கிட்ட வர்றவங்க எல்லாரும் நல்ல பல்லைத்தான் முதல்ல காட்டுவாங்க. சொத்தைய நாக்கால மறைச்சுக்குவாங்க."

"கெட்ட இடம் எதுவும் இல்லைங்க டாக்டர்" என்றாள் அண்ணி. "என் தம்பி பொண்டாட்டி நல்லா பாத்துக்கறா." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தாள்.

ஆறு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த பார்வை அது. ஆனால் வேறு மாதிரி இருந்தது. அதில் பெருமை இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தப் பெருமையை இன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் அண்ணி இந்த நிமிஷம் சொன்ன வார்த்தை டாக்டர் முன்னாலேயே பொய்யாகிவிடும். வேலை போனாலும் போகும். மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் மனசு கிளினிக்குக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு நாள் காலையில் யாரோ ஒருத்தி ஈரத் துணியை மடித்து வைத்துவிட்டு ஓடுவாள். பலகை உதட்டைப் பிதுக்கும். அன்றைக்கு டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டு, கெட்ட இடமே இல்லையென்று சொன்னீர்களே என்று கேட்பார். அப்போது அண்ணி யாரைப் பார்ப்பாள்?

"அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள்.

"நான் வசதியாத்தான் இருக்கேன்."

"எழுந்திருங்க அத்தை."

மாமியார் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமா நானும் இதைக் காவல் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் அரை மணி நேரம் பொறுக்க மாட்டியா?"

அவள் மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிய ஒவ்வொன்றும் இடம் மாறி இந்த மனுஷியின் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு குனிந்து, சூட்கேஸை இரண்டு கையாலும் இழுத்து நகர்த்தினாள்.

ஏழாவது கண். அதன் மேல் விளிம்பு நெடுக உப்பி, ஓரத்தில் மரப் படம் உரிந்து நின்றது.

"ஈறு வீங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

"எனக்குக் கண்கட்டி மாதிரி தெரியுது" என்றான் கணவன்.

அண்ணி குனிந்து விளிம்பை நகத்தால் தடவினாள். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் அண்ணி. ஈரத் துணியை வச்சுட்டு வேலைக்கு ஓடிட்டேன்."

"அதுக்கு மேல பெட்டியை வச்சியா?"

"அமுங்கிடும்னு நினைச்சேன்."

"பெட்டியில என்ன?"

"ஒரு முழு என்சைக்ளோபீடியா."

அண்ணி உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். அண்ணி சிரிக்கும்போது முன் பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அடைச்சா போதுமா, பிடுங்கணுமா?" என்றார் டாக்டர்.

"பிடுங்கித்தான் ஆகணும். ஊறின பலகை திரும்பாது." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இல்லைன்னு சொன்னேன், இருக்கு. எனக்கே தெரியாதுங்க. இப்ப இருபது நிமிஷம் இருந்தீங்கன்னா, கெட்டா என்ன பண்ணலாம்னு பாத்துட்டே போயிடலாம்."

டாக்டர் வில்லை ஒட்டிய நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்காலி சத்தமில்லாமல் வந்தது. மாமியார் அதைக் கவனித்துக்கொண்டார். அண்ணி வண்டியிலிருந்து கருவிப் பையை எடுத்துவந்து, சுவரோரப் பட்டியைக் கழற்றி, மூன்று வரிசைப் பலகைகளைத் தூக்கித் தூக்கி உருவினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து மிச்சப் பலகையை அவள்தான் இழுத்து வந்து கொடுத்தாள். தட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் அண்ணி. பிடித்துக்கொண்டாள். புதுப் பலகையில் கண் இல்லை. வெறும் ரேகைகள் ஓடின. பட்டியைத் திரும்ப அடித்தபோது இருபது நிமிஷம் நாற்பதாகியிருந்தது.

டாக்டர் வட்டக் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசம் முதல் வாரம் கிளினிக்க மூடறேன், தரை போட வந்துடுங்க. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். இந்தத் தரைக்கு நீங்க மூணு பேரும் என்னென்ன பண்ணினீங்கன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. எங்க வீட்டுல ஆறு பேரு. ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு காப்பி."

"மூணு பேரும்னு யார் சொன்னது?" என்றார் மாமியார்.

அண்ணி தம்பியைப் பார்த்தாள். "உன் கடை நண்பர் எப்படிடா இருக்காரு? அவர் தரை தெளிஞ்சிடுச்சா?"

அவன் சமையலறையில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டான்.

கிளம்பும்போது அண்ணி கெட்டுப்போன பலகையிலிருந்து, அந்தக் கண்ணும் உப்பிய விளிம்பும் சேர்ந்து வருகிறபடி, ஒரு சாண் நீளம் அறுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "தண்ணி பட்டா என்ன ஆகும்னு எல்லாரும் கேக்கறாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இனிமே இதைக் காட்டிடறேன்."

இரண்டு மாதமாகத் தான் ஒளித்துவைத்தது சுத்தியலுக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் சூட்கேஸை உண்மையாகவே நூலகத்துக்கு எடுத்துப் போகத் தயாராக வைத்தாள். பிறகு துடைக்கும் துணியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். லேசாக ஈரமாக இருந்தது. மாமியார் சோபாவில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"அத்தை."

"என்னை ஏன் பாக்கற? பிழிஞ்சுதான் துடைச்சேன். கை நனையல."

அவள் துணியை மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை இல்லை. இருந்தாலும் மண்டியிட்டு, குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பலகை குளிர்ச்சியாக இருந்தது. எழுந்திருக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

"என்ன தெரியுது?" என்றது செய்தித்தாள்.

"ஒண்ணும் தெரியல அத்தை."

"அப்ப எழுந்து போ. பஸ் போயிடும்."